செகண்ட் கியர் அக்காவும் சைலன்சர் நாடாவும்

என் நாத்தனாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "அவகிட்ட சொல்லிட்டியா?" சொல்லவில்லை. சொன்னால் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, அந்த வரியில கொஞ்சம் வேகத்தைக் குறைங்க" என்பாள். அவள் பிழைப்பே அதுதான். இருபத்தியொரு வருஷமாக எங்கள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஸ்கூல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு அறை, ஒரு ஷெட், ஒரு கார். போர்டில் இருக்கும் பெயர் என் வீட்டுக்காரருடையது. வண்டி அவர் தங்கையுடையது. மேஜை என்னுடையது. ஜன்னலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே, போனும் பதிவேடும் இருக்கிற மேஜை. யார் எத்தனை மணிக்கு வரவேண்டும், யார் வராமல் ஏமாற்றினார்கள், யாருக்கு லைசென்ஸ் வந்தது எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். அந்த மேஜையில் இன்னொருவர் கைக்குட்டை வைத்தால்கூட எனக்கு ஆகாது. இது நல்ல குணம் என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது என்று சொல்கிறேன், இந்தக் கதைக்கு அது வேண்டும்.

கார் வெள்ளை நிறம். அது வெள்ளை என்பதை இப்போது எங்கள் வார்த்தையை நம்பித்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே இடதுபக்கச் சீட்டின் காலடியிலும் ஒரு கிளச், ஒரு பிரேக். அதற்காகத் தரைத் தகட்டில் ஓட்டை போட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். அந்த இடதுபக்கச் சீட்டில்தான் என் நாத்தனாரின் ராஜாங்கம். மடியில் ஒரு துண்டு, முதுகுக்கு ஒரு தலையணை, ஒரு கால் எப்போதும் பிரேக்குக்கு மேலே. யாரையும் இரண்டாவது கியருக்கு மேல் போகவிட மாட்டாள். "மூணாவது கியர் லைசென்ஸ் வந்தப்புறம் உங்க சொந்த வண்டியில போட்டுக்குங்க தம்பி. இது குடும்ப வண்டி" என்பாள். மாணவர்கள் அவளுக்கு செகண்ட் கியர் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் தெரியும். கோபப்படவில்லை, பெருமைப்பட்டாள்.

அவளிடம் கற்றுக்கொண்டவர்களை ரோட்டில் பார்த்தாலே தெரிந்துவிடும். திரும்புவதற்கு முன் "கண்ணாடி, இண்டிகேட்டர், கழுத்து" என்று வாய்விட்டுச் சொல்வார்கள். லைசென்ஸ் வாங்கிப் பத்து வருஷமான ஒரு பல் டாக்டர், பக்கத்தில் மனைவி ஏதாவது பேசினால், "இரு, அக்கா திட்டுவாங்க" என்கிறாராம். அந்த அம்மா எனக்கு போன் செய்து, அந்த அக்கா யார் என்று ஒரு மாதிரியான குரலில் விசாரித்தார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. இந்த வருஷம் முதல், ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களும் ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும். அவரவர் ஸ்கூல் வண்டியிலேயே, பரிசோதகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருபது நிமிஷம். மாதக் கடைசிக்குள் தேறாவிட்டால் கற்றுக்கொடுக்கும் அனுமதி ரத்து.

என் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தார். "மீனுக்கு நீச்சல் பரீட்சை வைக்கிறாங்க!"

என் நாத்தனாரும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. நான் கவனித்தேன். என் வேலையே உட்கார்ந்து கவனிப்பதுதானே.

மறுநாள் சாயங்காலம் விஷயம் கையும் களவுமாகப் பிடிபட்டது. கடைசி மாணவி உடம்பு சரியில்லை என்று பாதியிலேயே இறங்கிப் போய்விட்டார். கார் எங்கள் வாசலுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஷெட்டுக்குள் விட வேண்டும், அவ்வளவுதான். இவள் காருக்குப் பக்கத்தில் நின்று, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பார்சல் கொடுக்க வந்த கூரியர்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"தம்பி, கார் ஓட்டத் தெரியுமா?"

"சுமாரா தெரியும்க்கா."

"ரிவர்ஸ்?"

"அதுதான்க்கா வராது."

"வாங்க, இலவசமா சொல்லித்தரேன்."

அந்த மனிதர் பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். இவள் இடதுபக்கம் ஏறினாள். பத்து நிமிஷத்தில் கார் ஷெட்டுக்குள் வந்தது. கூரியர்காரர் வாயெல்லாம் பல்லாக இறங்கினார், என் பார்சலைக் கொடுக்க மறந்து போயே போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. தினமும் கடைசியாக வரும் மாணவர்தான் வண்டியை ஷெட்டில் விடுவார். அதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று சொல்லிவிடுவாள். காலையில் முதலில் வருகிறவர் வெளியே எடுப்பார். நடுவில் அவள் ஓட்டி நான் பார்த்தது எப்போது? விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். விரலே வேண்டியிருக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு நேராகக் கேட்டேன். "நீ கடைசியா ஸ்டியரிங் பிடிச்சது எப்போ?"

முதலில் மழுப்பினாள். பிறகு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "பதினெட்டு வருஷம் இருக்கும் அண்ணி."

"என்ன ஆச்சு? எங்கயாவது இடிச்சியா?"

"ஒண்ணும் ஆகல. அதுதான் வெக்கமா இருக்கு. ஏதாவது நடந்திருந்தா சொல்றதுக்காவது ஒரு காரணம் இருந்திருக்கும். ஒருநாள் ஓட்டல. மறுநாளும் ஓட்டல. ஒரு வாரம் கழிச்சு உக்காரலாம்னு பார்த்தேன், கை நடுங்குச்சு. சரி, அடுத்த வாரம்னு விட்டேன். அப்படியே பதினெட்டு வருஷம். அண்ணன்கிட்ட சொல்லாதீங்க."

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது உண்மை. அதற்கு முன்னால் இன்னொன்று வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில்தான் என் வீட்டுக்காரர், "தேறலைன்னா என்ன? ஆபீஸ்ல உக்காரட்டும். ரெண்டு பேரும் அந்த மேஜையைப் பங்கு போட்டுக்குங்க" என்று பெரிய மனதோடு சொல்லியிருந்தார். இருபத்தியொரு வருஷமாக அடுத்தவர் ஓட்டுவதைத் திருத்தியே பழகியவள் என் பக்கத்தில் உட்கார்ந்தால், நான் போனை எடுப்பதற்கு முன் கண்ணாடி பார்க்கச் சொல்வாள். இவளை எப்பாடுபட்டாவது தேறவைத்துவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

மறுநாளிலிருந்து, மாணவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு ஓட்டத் தெரியாது, அதனால் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தத் தினமும் ஒரு மாணவரை இன்னும் சீக்கிரமாக வரவழைக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் என்னென்ன பொய் சொன்னேன் என்பதை இங்கே எழுதமாட்டேன். முதல் நாள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரம் கண்ணாடியைச் சரிசெய்தாள். இரண்டாம் நாள் இன்ஜினைக் கிளப்பி, அது ஓடுகிறதா என்று உறுதி செய்துகொண்டு அணைத்தாள். நாலாம் நாள் இரண்டாவது கியரில் மைதானத்தை ஒரு சுற்று சுற்றினாள். இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது, ஆனால் சுற்றிவிட்டாள். "நாளைக்கு ரோட்டுக்குப் போவோம்" என்றேன். "நாளைக்கு வண்டிக்கு வேலை இருக்கு அண்ணி" என்றாள்.

அன்று ஆரம்பித்தது வண்டிக்கு வேலை. சீட் உறை மாற்றினாள். வைப்பர் மாற்றினாள். ஹாரன் சத்தம் மரியாதையாக இல்லை என்று வேறு ஹாரன் போட்டாள். பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்துக்கு அட்டை போடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதில் அதையே செய்கிறவளை அப்போதுதான் பார்த்தேன். எல்லாம் முடிந்து, இனி மாற்ற ஒன்றுமில்லை என்று நான் நிம்மதியாக மூச்சு விட்டபோது, அவளுக்குத் தரைச் சூடு ஞாபகம் வந்தது.

அது உள்ளதுதான். இன்ஜினிலிருந்து வரும் புகைக்குழாய் அந்தக் காரில் இடதுபக்கக் காலடிக்கு நேர் கீழே ஓடுகிறது. மறைப்புத் தகடு எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. நாள் முழுக்க இரண்டாவது கியரில் ஊர்கிற வண்டிக்குக் கீழே காற்றும் ஓடாது. மத்தியானத்துக்குள் தரை தோசைக்கல்தான். ஒருமுறை அவள் ரப்பர் செருப்பு மிதியடியோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்து எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"யோசிச்சுப் பாருங்க அண்ணி. டெஸ்ட் எடுக்கிறவர் என் சீட்லதானே உக்காருவார்? கால் வெந்துக்கிட்டிருக்கும்போது ஒரு மனுஷன் மார்க் போடுவாரா?"

வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. சைலன்சர் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் ஒரு சுருளை எடுத்து மேஜையில் வைத்தார். கண்ணாடி இழையில் நெய்த, இரண்டு விரல் அகல நாடா. பார்த்தால் அடிபட்ட காலுக்குக் கட்டுகிற துணிப்பட்டை மாதிரிதான் இருந்தது. குழாயைச் சுற்றி இதைக் கட்டினால் சூடு குழாய்க்குள்ளேயே ஓடிப் பின்பக்கமாக வெளியே போய்விடும், தரைக்கு ஏறாது என்றார். "நானே கட்டித் தரேன், ரெண்டு மணி நேர வேலை" என்றார். இவள், "நான்தான் கட்டுவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். தானே செய்தால் இரண்டு நாளைக் கடத்தலாம் இல்லையா?

நாடாவை நனைத்துக் கட்டினால்தான் தூசி பறக்காமல் இறுக்கமாகப் பிடிக்கும். நனைக்கும் வேலை என்னுடையது. வீட்டிலிருந்து ஒரு வாளி கொண்டுபோய், சுருளை ஊறப்போட்டேன். அவள் கடையின் பள்ளத்துக்குள் இறங்கி, காருக்கு அடியில் அண்ணாந்து நின்றபடி சுற்றினாள். ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின்மேல் கால் பங்கு ஏற வேண்டும். இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். வளைவு வரும் இடத்தில் மடிப்பு விழக்கூடாது. நுனியில் ஸ்டீல் கிளிப் போட்டு முறுக்க வேண்டும். கையுறை போடச் சொல்லிக் கடைக்காரர் மூன்று தடவை சொன்னார். "இறுக்கம் விரலுக்குத் தெரியணும்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையால் கட்டினாள். அதன் பலனாக அன்று முழுக்க இரண்டு கையையும் சொறிந்துகொண்டே பாடம் நடத்தினாள். கண்ணாடி இழைத் தூள் தோலில் ஏறினால் லேசில் இறங்காது.

நான் மட்டும் புத்திசாலியா? அந்த வாளியைக் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிலேயே என் வீட்டுக்காரரின் சட்டைகளை ஊறவைத்தேன். மறுநாள் அவர் பன்னிரண்டு மாணவர்களுக்கு முன்னால் நின்று, வலதுபக்கம் திரும்பக் கையைக் காட்டுவது எப்படி என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினார், விலாவைச் சொறிந்தார். மறுபடி நீட்டினார், முதுகைச் சொறிந்தார். முன்வரிசையில் ஒரு பெண் அதையெல்லாம் வரிசைப்படி நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். நானும் என் நாத்தனாரும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, ஷெட்டுக்குள் ஓடிப்போய்ச் சிரித்தோம். அவளோடு நான் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது.

வேலை முடிந்தபோது கடைக்காரர் சொன்னதுதான் முக்கியம். "மழைக்காலத்துக்கு முன்னால வருஷா வருஷம் பிரிச்சுப் பாருங்க, ஈரம் தங்கினா குழாய் துருப்பிடிக்கும். இன்னொண்ணு. இன்னைக்கே பெரிய ரோட்டுல ஏத்தி, அரை மணி நேரம் நல்லா விரட்டி ஓட்டிடுங்க. முதல் தடவை நல்லா சூடேறும்போது நாடாவிலிருந்து புகை வரும். பயப்படாதீங்க, அது பூச்சு எரியறது. ஒருதரம் புகைஞ்சு அடங்கிட்டா அப்புறம் வராது."

இவள் பவ்யமாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும் நான், "அப்போ பெரிய ரோட்டுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நம்ம பிள்ளைங்க ஓட்டுவாங்க அண்ணி. வாரம் ஒன்பது பேர் ஓட்டறாங்க. அரை மணி என்ன, ஒன்பது மணி நேரம் ஓடும்."

ஓடியது. ஒன்பது பேரும் ஓட்டினார்கள், மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில், இரண்டாவது கியரில். வண்டியில் லேசாகத் துணி தீய்கிற வாசனை வந்தது, அவ்வளவுதான். "பாருங்க, புகையே இல்ல. நல்ல சரக்கு" என்றாள். காலடி ஜில்லென்று இருந்தது. எனக்கும் சந்தேகம் வரவில்லை. எந்தக் கடைக்காரரும் எந்த டிரைவரிடமும், "விரட்டி ஓட்டுங்க என்றால் செகண்ட் கியரில் இல்லை" என்று விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார். எங்களிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டும்.

பரீட்சை நாள் வந்தது. வழக்கம்போல ஒரு மாணவரைப் பிடித்து வண்டியை அலுவலக வாசல்வரை கொண்டுவந்தோம். பரிசோதகர் ஒல்லியாக, உயரமாக, இஸ்திரி போட்ட முகத்தோடு இருந்தார். கையில் ஒரு கோப்பு. வண்டியின் காகிதங்களோடு ஸ்கூல் தரப்பில் ஒருவர் வரலாம் என்பதால் நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். அவர் இடதுபக்கம் உட்கார்ந்து கால்களை நீட்டினார். கொஞ்சம் ஆச்சரியத்தோடு கீழே பார்த்தார்.

"பொதுவா டிரைவிங் ஸ்கூல் வண்டிகள்ல கால் வைக்க முடியாது. இது பரவாயில்லையே."

என் நாத்தனார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். பாதி மார்க் வாங்கிவிட்ட பார்வை.

அதோடு தைரியம் தீர்ந்துபோயிற்று. சாவியைத் திருப்பக் கை வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பிறகு சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தாள், மாணவர்களிடம் சொல்வது போலவே, தனக்குத்தானே.

"பயப்படாதம்மா. கிளச்சை மிதி. முதல் கியர். கண்ணாடி, இண்டிகேட்டர், கழுத்து. மெதுவா விடு, மெதுவா... யாரும் உன்னைத் துரத்தல."

வண்டி நகர்ந்தது. பரிசோதகர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டுக் கோப்பில் ஏதோ எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டே இரண்டு தெரு கடந்தாள். ரவுண்டானாவில் ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு, "நல்ல பிள்ளை" என்று தன்னைப் பாராட்டிக்கொண்டாள். அதற்கும் அவர் ஏதோ எழுதினார்.

"புறவழிச்சாலைக்குப் போங்க" என்றார்.

போனாள். "வேகம்" என்றார். அவள் கை கியரை ஒருதரம் தடவிப் பார்த்தது. பிறகு மூன்றாவது கியர் விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நாலாவதும் விழுந்தது. அறுபது. எழுபது. எனக்குத் தெரிந்து அந்தக் கார் தன் நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படி ஓடியதில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பயம் இன்னும் இருந்தது, ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் வேறு ஒன்றும் வந்து உட்கார்ந்திருந்தது.

எண்பதைத் தொட்டபோது நாடா வேலையைக் காட்டியது.

முதலில் வாசனை. பிறகு கிளச் கம்பிக்காகப் போட்ட ஓட்டை வழியாக, பரிசோதகரின் இரண்டு ஷூக்களுக்கு நடுவிலிருந்து, வெள்ளையாக ஒரு புகை எழுந்தது. அது கணுக்காலைச் சுற்றி, முழங்காலில் ஏறி, கோப்பைத் தாண்டி அவர் மூக்குக்கு வந்தது. இஸ்திரி போட்ட முகம் ஒரே நொடியில் கசங்கியது.

"வண்டி எரியுது!" என்று கத்திக்கொண்டே, தன் காலடியில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

பின்னால் ஒரு லாரி. அதன் ஹாரன் என் பிடரியிலேயே ஒலித்தது. நான் முன்சீட்டில் போய் முட்டிக்கொண்டேன். அப்போது வண்டிக்குள் ஒரு குரல் கேட்டது பாருங்கள். ஊரில் இருக்கிற அத்தனை டிரைவர்களின் காதிலும் இன்னும் ஒலிக்கிற அதே குரல்.

"தம்பி! காலை எடுங்க! நடு ரோட்டுல பிரேக் போடற ஆளா நீங்க? பின்னால கண்ணாடியில பார்த்தீங்களா?"

பரிசோதகர் காலை எடுத்துவிட்டார். அவருக்கே தெரியாமல் எடுத்துவிட்டார். அந்தக் குரலுக்கு முன்னால் எவ்வளவு பெரிய காலும் எழும். என் நாத்தனார் கியரை ஒன்று குறைத்து, கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, லாரிக்கு வழிவிட்டு இடதுபக்கம் ஒதுங்கினாள். கை நடுங்கவில்லை. இதையெல்லாம் செய்யும்போது தனக்குத்தானே ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

"ஓரமா நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்றார் அவர், இருமிக்கொண்டே.

"சார், இது தீ இல்ல. குழாய்க்குப் புதுசா நாடா சுத்தியிருக்கேன். நான்தான் சுத்தினேன். பூச்சு எரியற புகை இது. நல்ல சூட்டுல கொஞ்ச நேரம் ஓடினா அடங்கிடும். இதை நான் முன்னாடியே இங்க வந்து ஓட்டி முடிச்சிருக்கணும். ஓட்டல. தப்பு என்னுது."

"அப்போ நிறுத்திட்டுப் பார்த்துட்டுப் போகலாமே!"

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"நிறுத்தச் சொன்னா நிறுத்தறேன் சார், நீங்க அதிகாரி. ஆனா நிறுத்தினா மறுபடி கிளப்ப எனக்குத் தைரியம் வராது. நான் ரோட்டுல ஓட்டிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. இப்போ ஓட்டிக்கிட்டிருக்கேன். இது எப்படி வந்ததுன்னு எனக்கே தெரியல. கொஞ்சம் விட்டீங்கன்னா..."

அண்ணனிடம் சொல்லாதீர்கள் என்று என்னிடம் கெஞ்சியவள், அனுமதியை ரத்து செய்யக்கூடிய ஆளிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். என் மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி விழுவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் மேஜை எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. சார், விட்டுடுங்க சார் என்று பின்சீட்டிலிருந்து நானும் கெஞ்சத் தயாராக இருந்தேன்.

பரிசோதகர் குனிந்து மிதியடியைத் தூக்கிப் பார்த்தார். தரையைக் கையால் தொட்டுப் பார்த்தார். சூடில்லை, புகைதான். நிமிர்ந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் தன் பக்கத்து ஜன்னலை இறக்கினார்.

"நேராப் போங்க" என்றார்.

நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டோம். காற்று உள்ளே புகுந்து கோப்பிலிருந்து ஒரு தாளைப் பிடுங்கி என் முகத்தில் அறைந்தது. எதிரே வந்த வண்டிகள் எல்லாம் எங்களைப் பார்த்து விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டின. பைக்கில் போன ஒருவர் பக்கத்தில் வந்து, "அக்கா, புகை! புகை!" என்று கத்தினார். "தெரியும் தம்பி, ஹெல்மெட்டைச் சரியா மாட்டுங்க" என்று இவளும் கத்தினாள். இரண்டாவது மேம்பாலம் ஏறி இறங்கும்போது புகை நூலாக மெலிந்தது. அதற்கப்புறம் நின்றேவிட்டது. அவள் திரும்பி, ஊருக்குள் வந்து, அலுவலக வாசலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினாள். கூரியர்காரர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

பரிசோதகர் இறங்கி, காரின் முன்பக்க மூடியின்மேல் படிவத்தை வைத்து நிரப்ப ஆரம்பித்தார். நான் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டேன். தலைகீழாகப் படிப்பது இருபது வருஷ மேஜை வேலையில் எனக்குக் கைவந்த கலை. ஒவ்வொரு கேள்விக்கும் நேரே திருப்தி, திருப்தி என்று எழுதிக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்வியில் பேனா நின்றது. சோதனையின்போது பரிசோதகர் தம் பக்கத்துப் பிரேக்கைப் பயன்படுத்த நேர்ந்ததா? ஆம் என்றால் தேர்ச்சி இல்லை என்று அதன் அடியிலேயே அச்சடித்திருந்தது.

அவர் பேனாவை "இல்லை" என்ற கட்டத்துக்கு நகர்த்தினார். நான் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களுக்கும் நன்றி சொன்னேன்.

"சார், மிதிச்சீங்களே" என்றாள் என் நாத்தனார்.

அவளை அந்த இடத்திலேயே கழுத்தை நெரித்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

"நான் பிள்ளைங்களோட பயிற்சி அட்டையில, நான் பிரேக்கைத் தொட்டா தொட்டேன்னுதான் எழுதுவேன். அழுதாலும் எழுதுவேன். எனக்கு மட்டும் மாத்தி எழுத வேண்டாம் சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து "ஆம்" என்று எழுதினார். பேனா நிற்கவில்லை, அதன் கீழே காலியாக இருந்த இடத்தில் தொடர்ந்து போனது. நான் ஒவ்வொரு எழுத்தாகத் தலைகீழாகப் படித்தேன். "தேவையில்லாமல் மிதித்தேன். பின்னால் லாரி வருவதைக் கவனிக்கவில்லை. ஓட்டுநர் என்னைத் திருத்தினார். தவறு என்னுடையது. இவர் தேறிவிட்டார்." முத்திரையை ஓங்கிக் குத்திக் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார். "அடுத்த தடவை டெஸ்டுக்கு முன்னாடியே புகைய விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, கோப்பைத் தட்டிச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள். நானும் அழுதேன். வாசலில் இருந்த காவலாளி, இருவரும் தோற்றுவிட்டோம் என்று நினைத்து, அடுத்த மாதம் மறுபடி வரலாம் என்று ஆறுதல் சொன்னார்.

திரும்பி வரும்போது எங்கள் தெரு வந்தது. ஸ்கூல் வாசலில் என் வீட்டுக்காரர் எங்களுக்காக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பவில்லை. அவரைத் தாண்டி நேராகப் போனாள், மூன்றாவது கியரில்.

"நாடாவுக்கு இன்னும் கொஞ்சம் சூடு காட்டணும் அண்ணி" என்றாள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

புகை நின்று அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"ஆமாம், காட்டணும்" என்றேன் நான்.